மோந்த பூ

எங்கள் வீட்டில் பிடிவாதம் என்றால் நான்தான். மூக்கு வீங்கியும் விட்டுக்கொடுக்காதவள் என்று சித்தப்பா இன்றைக்கும் போனில் கிண்டல் செய்வார். அந்த வீக்கத்துக்கு மூலகாரணமே அவர்தான்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம். இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்த சித்தப்பா, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் வைக்கச் சொல்லி ஏழெட்டு நாற்றுகள் கொண்டுவந்தார். வெளிநாட்டுச் செடி. ஊதா இதழெல்லாம் கீழே சாய்ந்துவிட, நடுவில் கூம்பு மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். "பூத்தா தேனீ வரும். காஞ்சதும் வெட்டிடாத, விதை திங்க குருவி வரும்" என்றார். போதாதா எனக்கு? அன்றிலிருந்து அவை என் செடிகள். தண்ணீர் ஊற்றியதென்னவோ அம்மாதான்.

ஐப்பசியில் பூத்துக் குலுங்கின. கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் சாயங்காலம் அம்மா கத்தரிக்கோலோடு வந்தாள். எனக்கு முன்னால் பிறந்து எட்டே நாளில் இறந்துபோன அண்ணனின் கல்லறைக்கு வருஷா வருஷம் கடைச் சாமந்திதான் போகும். இந்த வருஷம் வீட்டுப் பூ வைக்க வேண்டுமாம்.

"வெட்டினா விதை எங்கேருந்து வரும்? குருவி என்னாத்த திங்கும்?" என்று கத்தினேன்.

"ரெண்டே ரெண்டு எடுத்துக்கிறேன்டி."

"ஒண்ணுகூட தரமாட்டேன்!"

அம்மா கூடை எடுக்க உள்ளே போன நேரத்தில் எனக்கு அபாரமான யோசனை வந்தது. மோந்த பூவை மாதா படத்துக்கு வைக்கவே விடமாட்டாள் அம்மா. கல்லறைக்கு மட்டும் வைப்பாளா? ஒரு பூ விடாமல் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மோந்தேன். கடைசிப் பூவில் தேனீ இருந்தது.

நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்தாள். "எல்லாத்தையும் மோந்துட்டேன், இனிமே வெட்ட முடியாது" என்று அழுகையோடு அறிவித்தேன்.

"அடிப்பாவி, இதுக்கா மோந்துக்கினு இருந்த?" கொடுக்கை எடுத்துச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. என் மூக்கைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கல்லறையில் கடைச் சாமந்தி வைத்தோம். மார்கழியில் காய்ந்த கூம்புகளில் சில்லைக் குருவிகள் வந்து தொற்றின. ஜெயித்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மோந்த பூ ஆகாது என்பதால்தான் அம்மா விட்டாள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். தங்கை மோந்த பூவை எந்த அண்ணன் வேண்டாமென்பான்? அது அம்மாவுக்குத் தெரியாதா என்ன? இல்லாத பிள்ளைக்கென்று தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை, இருக்கிற பிள்ளை அழுததால் கொடுத்துவிட்டாள். ஒரு பூவாவது கொடுத்திருக்கலாம் நான்.