பாசி பிடிக்கிற கிறிஸ்துதாஸ்

முத்தியால்பேட்டை கிறிஸ்துதாஸ் கடலைப் பத்திப் படிச்சு உத்தியோகத்துக்கு வந்தவர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. எழுபத்து நாலுலேருந்து வாரம் தவறாமல் குப்பத்து மீனவன் கன்னியப்பனோட கட்டுமரத்தில் ஏறுவார். சட்டைக்கை மாதிரி நீளமான மெல்லிய வலை, அதன் நுனியில் ஒரு பாட்டில். கண்ணுக்குத் தெரியாத பாசி அதில் வந்து தங்கும். எந்தப் பாசி எப்ப பெருகுது, எப்ப அழியுதுன்னு பார்க்கிறதுதான் வேலை. ஒரு வாரம் விட்டாலும் அந்த வருசக் கணக்கே ஓட்டை என்பார்.

"மீன் புடிக்கத் துப்பில்லாதவன் பாசி புடிக்கிறான்டோய்!" என்று இன்னொரு கட்டுமரக்காரன் சின்னக்கண்ணு கரையிலிருந்து கத்துவான். குப்பமே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

எடுத்த தண்ணியில் உடனே பார்மலின்ங்கிற, கெடாம வைக்கிற மருந்தை ஊத்தணும். இல்லாட்டி கரைக்கு வர்றதுக்குள்ள பாசி அழுகிடும். மருந்து ஊத்தின குப்பியைக் கடலிலேயே அலசிக் கொட்டுவார். அத்தனை வருசமும் அதை எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.

எண்பத்தொண்ணுல ஒருநாள் கடல் பச்சையா, கஞ்சி கணக்கா கெட்டியாச்சு. மறுநாள் கரை பூரா செத்த மீன். அந்த நேரம் பார்த்து கிறிஸ்துதாஸ் பாட்டில் பையோட கட்டுமரத்தை விட்டு இறங்கினார்.

சின்னக்கண்ணு துடுப்பை வீசின வீச்சில் அவர் வலது கை மளுக்குன்னு முறிஞ்சது. விழுந்தவரை நாலா பக்கமும் மிதிச்சாங்க. தடுக்க வந்த கன்னியப்பன் மண்டையும் பொளந்தது.

"பாசி மண்டிப்போச்சுப்பா..." மணலும் ரத்தமுமா துப்பிக்கிட்டே சொன்னார். "அது அழுகி தண்ணியில இருக்கிற மூச்சுக்காத்தைத் தின்னுடுச்சு. மீன் மூச்சுமுட்டிச் செத்துச்சு."

"நீ மருந்து ஊத்தினதை நாங்க பாக்கலியா?" சின்னக்கண்ணு ஒரு பாட்டிலைத் திறந்து அவர் வாயில் இடிச்சான். "வெசம் இல்லன்னா குடிடா!"

அங்கதான் மாட்டினார். அந்தச் சொட்டு மருந்து கடலைக் கொல்லாது; குடிச்சவனைக் கொல்லும். பொய் சொல்ல வாய் வரலை.

"குடிச்சா செத்துடுவேன்."

"கேட்டுக்குங்கடா! அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

அடுத்த உதையில் முன்பல் ரெண்டும் போச்சு. போலீஸ் வந்ததாலதான் உயிர் மிஞ்சுச்சு. குப்பத்துக்குப் பஞ்சாயத்து பேசுற நாட்டார் கூடி, அவரை ஏத்துற கட்டுமரத்தைக் கோடாலியால பொளந்து அடுப்பில் வைப்போம்னு தீர்ப்பு சொன்னாங்க.

கை கோணலாகவே கூடிச்சு. ஆபீசில் மேசை வேலை கொடுத்தாங்க. கடல் பக்கமே போகாம அவர் செத்த பிணமா நடமாடினார்.

மறுவருசம் ஒருநாள் காலையில் சின்னக்கண்ணு தலையில் கடல்தண்ணிக் குடத்தோட கிறிஸ்துதாஸ் வீட்டு வாசலில் வந்து நின்னான். அவர் சம்சாரம் இருதயமேரி விறகுக்கட்டையால் தோளில் ஒரு போடு போட்டாள். அவன் நகரலை. அடுத்த அடியில் நெத்தி கிழிஞ்சு, இறக்கி வச்ச குடத்துக்குள்ள ரத்தம் சொட்டுச்சு.

"அடிக்கா, நல்லா அடி. அடிச்சிட்டு அவரைக் கூப்பிடு. கடல் மறுபடி பச்சையா கெடக்கு, மீன் மெதக்குது. இந்த வருசம் அவரு கடல்ல காலே வெக்கலியேக்கா!"

கிறிஸ்துதாஸ் வெளியே வந்து குடத்தை எட்டிப் பார்த்தார்.

"ரத்தம் கலந்த தண்ணி ஆகாதுடா மடையா. வலை போடணும். எவன் மரம் தருவான்?"

"என் மரம். எவன் கோடாலியத் தூக்குறான்னு பாத்துடறேன்."

நடுக்கடலில் வலைக்கயிறு அவர் கைக்கு நிக்கலை.

"இழுடா. நீ ஒடச்ச கைதான்."

சின்னக்கண்ணு இழுத்தான். அவர் பாட்டிலில் பார்மலின் ஊத்தினார். குப்பியைப் பழக்கத்தில் தண்ணிப் பக்கம் கொண்டுபோனவர், அவன் பார்க்கிறதைப் பார்த்து, இறுக மூடிப் பையில் போட்டுக்கிட்டார்.