பொன்னம்பலத்தாரின் மகளுக்கு ஓர் இடம்

பொன்னம்பலத்தாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மகன் எமில்ராஜ் சிரித்தான். "அம்மா, அந்த மனுசனோடை நீங்கள் சண்டை பிடிக்காத நாள் ஒண்டு இருந்ததோ?" என்று கேட்டான். ஏன் இல்லை? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசைக்குப் போய்விடுவேன், அவர் தோட்டத்துக்குப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் சண்டைதான். தை மாதம் அவர் ஓய்வுபெற்றுவிட்டார். இந்த வருடம் பரீட்சை முடிந்த அன்று பள்ளிக்கூட வாசலில் நான் நின்றபோது, எதிர்ப்பக்கத்தில், அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில், அவருடைய கல்லூரிக்காகப் பிரகாஸ் என்ற பெடியன் கையில் ரப்லெட் கணினியோடு நின்றான். என்னைக் கண்டு மரியாதையாகச் சிரித்தான். எனக்கு அழுகை வந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தொழில். சாவகச்சேரியில் ஒரு தனியார் கல்லூரிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது அவர் வேலை. குருநகரில் இன்னொரு கல்லூரிக்குச் சேர்ப்பது என் வேலை. பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள்தான் இரண்டு இடத்துக்கும் வருவார்கள். அவர்கள் எவ்வளவு பேர் இருந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் போதாது. அவரிடம் போன பிள்ளை என்னிடம் வராத பிள்ளை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்திருந்தோம்.

சமாதான காலத்தில், தெற்குக்குப் போகிற ஏ-ஒன்பது பாதை திறந்த கையோடு, முதன்முதலாக முட்டிக்கொண்டோம். உயர்தரப் பரீட்சையின் கடைசி நாள். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நோட்டீஸ் கட்டோடு நிற்கிறேன். எதிர்ப்பக்கம் லுமாலா சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒருவர் வந்து நின்றார். அவர் கையில் நோட்டீஸ் இல்லை. ஒரு பெரிய சட்டி நிறையப் பலாச்சுளை இருந்தது. பரீட்சை எழுதிக் களைத்துப்போய் வெளியே வந்த பிள்ளைகள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுளையைத் தின்னவைத்து, கை கழுவத் தண்ணீரும் ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் மனிதர் சேட்டுப் பைக்குள் இருந்து நோட்டீஸை எடுத்தார்.

"உதென்ன, பள்ளிக்கூடமோ பழச் சந்தையோ?" என்று நான் ரோட்டுக்கு இங்கால் நின்று கத்தினேன்.

"கத்தாதையுங்கோ ரீச்சர். உங்களுக்கும் ரெண்டு சுளை வைச்சிருக்கிறன்."

நான் ரீச்சர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாயில் சுளை. அன்றிலிருந்து சாவகச்சேரியும் சுற்றுவட்டாரமுமான தென்மராட்சி முழுவதற்கும் நான் ஸ்ரெல்லா ரீச்சர்.

அவர் செய்த அநியாயங்கள் கொஞ்சநஞ்சமல்ல. மானிப்பாயில் நான் காலையில் ஒட்டிய நோட்டீஸுக்குப் பக்கத்தில், பின்னேரம் அதைவிடப் பெரிதாக ஒன்று ஒட்டியிருப்பார். என்னுடையதைக் கிழிக்க மாட்டார், மூடவும் மாட்டார். கிழித்திருந்தாலாவது போய்ச் சண்டை பிடித்திருக்கலாம். திரும்பவும் யுத்தம் தொடங்கி, இருட்டினால் ஊரடங்கு என்றிருந்த நாட்களில் என்னால் தென்மராட்சிப் பக்கம் போகவே முடியவில்லை. இந்த வருடம் என் பாடு அதோகதிதான் என்று இருந்தேன். பார்த்தால், கொடிகாமத்திலிருந்து நாலைந்து பிள்ளைகள் இயந்திர வேலை படிக்க என்னிடம் வந்து நிற்கிறார்கள். ஆர் அனுப்பியது என்று கேட்டால், "பொன்னம்பலம் சேர்." அவருடைய கல்லூரியில் விவசாயமும் கணக்கும்தான் உண்டு. இயந்திரம் விருப்பம் என்ற பிள்ளைகளை அவரே எங்களிடம் திருப்பிவிட்டிருக்கிறார். நன்றி சொல்ல அழைத்தேன். "வடிவாப் படிப்பியுங்கோ, இல்லாட்டித் திருப்பி எடுத்துப்போடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

எங்கள் தொழிலில் தாய்மார் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. கட்டணம், சான்றிதழ், வேலைவாய்ப்பு எல்லாம் விசாரித்து முடித்து, எழும்பி வாசல்வரை போய், திரும்பி நின்று கேட்பார்கள்: "உங்கடை பிள்ளை எங்கை படிக்குது?" எமில்ராஜ் கொழும்பில் கணக்கியல் படித்தான். நான் மென்று விழுங்குவேன். பொன்னம்பலத்தார் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்ரை மேள் கஜந்தினி இஞ்சைதான் படிப்பா" என்பார். கஜந்தினி அப்போது முன்பள்ளியில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பிள்ளையைக் காட்டி மனிதர் எத்தனை பேரைச் சேர்த்தார் என்று நினைக்க இப்போதும் எனக்கு வயிறெரிகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், வளர்ந்து நின்ற அந்தக் கஜந்தினி என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தாள். கடற்பாசியும் கடலட்டையும் வளர்க்கிற படிப்பு ஒன்றை நாங்கள் புதிதாகத் தொடங்கியிருந்தோம். கச்சாய்க் கடற்கரையில் பாசி வளர்க்கிறவர்களோடு விடுமுறை முழுவதும் தண்ணீருக்குள் இறங்கி நின்றிருக்கிறாள். இனி வேறொன்றும் படிக்க மாட்டேன் என்கிறாள்.

"அப்பாட்டைச் சொன்னனீரோ?"

"சொன்னனான், ரீச்சர். சொன்ன நாளிலை இருந்து என்னோடை கதைக்கிறேல்லை. அம்மா கதைக்கிறா. மீன் நாத்தத்தோடை வீட்டுக்குள்ளை வரக்கூடாதாம்."

அவர்கள் சுத்த சைவம். பாசி மீன் இல்லை என்று தாய்க்கு ஆர் விளங்கப்படுத்துவது? பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் தேன் வார்த்த மாதிரி இருந்தது. பொன்னம்பலத்தாரின் பிள்ளையே என்னிடம் வந்துவிட்டாள்!

அடுத்த நாள் அவரே வந்தார். எங்கள் கல்லூரிக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தேத்தண்ணி வேண்டாம் என்றார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ரீச்சர், ஒரு உதவி. கஜந்தினிக்கு இடமில்லை எண்டு சொல்லிவிடுங்கோ."

எனக்கு விளங்கவில்லை. அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். அவருடைய கல்லூரியின் இயக்குநர் முருகேசு, மாணவர் சேர்க்கைக்கு ஒரு பணிப்பாளர் பதவியை உருவாக்கப்போகிறார். தனி அறை, கதவில் பெயர்ப் பலகை. எங்கள் தொழில்காரர் எல்லோருக்கும் அடுத்த கிழமை நடக்கவிருக்கிற பயிற்சிக்குப் பிறகு யார் என்று தீர்மானிப்பார். பொன்னம்பலத்தாருக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவு. ஒரேயொரு நிபந்தனை: மகளை முதலில் தங்களிடம் பதியவேண்டும். சொந்தப் பிள்ளையையே வெளியில் விட்ட மனிதரைப் பணிப்பாளர் கதிரையில் இருத்தினால் ஊர் சிரிக்காதா என்று முருகேசு கேட்டிருக்கிறார்.

"இவ்வளவு காலமும் ஒஃபிஸ் மூலையிலை ஒரு மேசை. ஒருக்கா ஒரு அறைக்குள்ளை இருந்து பாப்பம் எண்டு ஆசை. நான் மறிச்சால் அவ கேக்கமாட்டா. நீங்கள் இடமில்லை எண்டால் தன்ரை பாட்டிலை அடங்கிவிடுவா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அண்ணை, உங்களிட்டை இருந்து ஒரு பிள்ளையை எடுக்க நான் பட்ட பாடு அந்தோனியாருக்குத்தான் தெரியும். தானா வந்த பிள்ளையை நானே திருப்பி அனுப்பவோ? எழும்பிப் போங்கோ" என்றேன். கதவைத் திறந்துகொண்டு போனார். போன பிறகுதான் அவருடைய சேட்டுக் கழுத்து நைந்திருந்ததை நினைத்தேன். ஆனாலும் கோபம் ஆறவில்லை.

பயிற்சி யாழ்ப்பாண நகரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. வடக்கில் எங்களைப் போலப் பிள்ளை பிடிக்கிற எல்லோரையும் இருத்தி, இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் ஷெரோன் கெட்டிக்காரி. விண்ணப்பம் வாங்கிப்போய்த் திரும்பி வராத பிள்ளைக்கு அழைத்து, "ஏன் வரேல்லை?" என்று குறை பிடிக்காமல், "என்ன யோசிக்கிறீர்?" என்று கேட்கவேண்டும் என்றாள். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறேன்.

கடைசி நாள் பின்னேரம் நடித்துக் காட்டச் சொன்னாள். ஒருவர் பிள்ளையின் தாய் அல்லது தகப்பன், ஒருவர் சேர்க்கைக்குப் பொறுப்பானவர். "உங்களை ஆகலும் பயப்படுத்திற கேள்வியை மற்றவர் கேக்கவேணும்" என்றாள். இயக்குநர்களும் பார்க்க வந்திருந்தார்கள். முருகேசு முன்வரிசையில் இருந்தார். பொன்னம்பலத்தாரோடு நடிக்க ஆர் வருகிறீர்கள் என்று கேட்டபோது நான் எழும்பினேன்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊர்த் தாய் மாதிரி அவர் முன்னால் இருந்தேன். கற்பனையில் மகன் ஒருவனை உண்டாக்கினேன், சோம்பேறி என்றேன். பதவி, அறை எல்லாம் மறந்து மனிதர் என்ன அழகாகக் கதைத்தார்! அந்த இல்லாத சோம்பேறியின் மேல் எனக்கே பாசம் வந்துவிட்டது. மண்டபம் கைதட்டியது. நான் எழும்பி, நாலடி போய், திரும்பி நின்றேன்.

"அதுசரி, தம்பி. உங்கடை பிள்ளை எங்கை படிக்குது?"

மண்டபத்தில் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்களையும் கேட்டுவிடுவேனோ என்ற பயம். அவர் முருகேசுவைப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"என்ரை மேளுக்குக் கடலிலை வேலை செய்யிற படிப்புத்தான் விருப்பம், அம்மா. அது எங்களிட்டை இல்லை. குருநகரிலை இருக்கு. அங்கைதான் சேக்கப்போறன். உங்கடை மகனுக்குத் தோட்டத்திலை ஆசை இருந்தால் எங்களிட்டை விடுங்கோ. இல்லாட்டி விடாதையுங்கோ."

யாரும் கைதட்டவில்லை. ஷெரோன் மட்டும், "சரி, இந்தக் கேள்விக்கு இனி எல்லாரும் ஒவ்வொருத்தராப் பதில் சொல்லுங்கோ" என்றாள். நான் பெற்ற பிள்ளை கொழும்பில் படித்தான் என்று முருகேசு முன்னால் நானும் சொல்லவேண்டி வந்தது. முருகேசு தேநீருக்கு நிற்காமல் போய்விட்டார். அடுத்த கிழமை அந்த அறையின் கதவில் பிரகாஸின் பெயர்ப் பலகை ஏறியது.

பதிவு நாளன்று பொன்னம்பலத்தார் மகளோடு வந்தார். மற்றத் தகப்பன்மார் மாதிரி வரிசையில் நின்றார். "முன்னுக்கு வாங்கோ அண்ணை" என்று கூப்பிட்டேன், வரவில்லை. முறை வந்ததும் கதிரையின் நுனியில் அமர்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"அண்ணை, என்னிலை கோவமோ?"

"கோவம்தான்." பதிவுப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "அந்தக் கேள்வியை என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பன், ரீச்சர். எனக்கு முன்னாலை ஒரு தாய் வந்து இருந்தால் மட்டும் பொய் வருகுதில்லை. அது தெரிஞ்சுதானே கேட்டனீங்கள்."

தெரிந்துதான் கேட்டேன். கேட்டது சரி என்றுதான் இன்றைக்கும் நிற்கிறேன்.

அவர் மேசைக்கு மேலால் குனிந்து, மகளுக்குக் கேட்காத குரலில், "இடம் இருக்குத்தானே?" என்றார்.

இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அந்தப் படிப்புக்குப் பாதிக் கதிரை வெறுமையாகக் கிடந்தது தென்மராட்சிக்கே தெரியும். ஆனாலும் கைகளைக் கோத்துக்கொண்டு என் வாயையே பார்த்திருந்தார்.

"இருக்கு, அண்ணை. உங்கடை மேளுக்கு இடம் இருக்கு."

பொன்னம்பலத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். கஜந்தினி எழும்பிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.