கேப்டனை எழுப்பிய வாளி

1. ஸ்பாஞ்ச் வைத்தியம்

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் நான் ஃபர்ஸ்ட் எய்ட் கம்பவுண்டராகச் சேர்ந்த முதல் நாள், மானேஜர் துரை என் கையில் ஒரு ஸ்பாஞ்சும் காலி வாளியும் கொடுத்தார். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியும் ஊருக்குப் போகாமல் இருந்த இங்கிலீஷ்காரர் அவர். "டிஸ்பென்சரி எங்கே சார்?" என்று கேட்டேன். "இதுதான்" என்றார்.

துரைக்கு ரக்பிப் பைத்தியம். தோல் சுமக்கும் ஆட்களைப் பொறுக்கி டீம் கட்டியிருந்தார். முட்டை மாதிரிப் பந்து. முன்னால் ஓட வேண்டும், ஆனால் பந்தைப் பின்னால்தான் போட வேண்டும். பந்து வைத்திருப்பவனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம், உதைக்கக் கூடாது. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. எந்த அடிக்கும் பச்சைத் தண்ணீரில் ஸ்பாஞ்சை முக்கி ஒற்றினால் போதும் என்பது துரையின் மருத்துவம்.

எங்கள் டீமில் ஆடிய சாதிக் பாய் மூச்சு வாங்கினால் உடனே "யா அல்லா!" என்று படுத்துவிடுவார். இடித்தவர் என்று பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்த டிஞ்சர் பாட்டிலைத் திறந்தால் மட்டும் எரிச்சலுக்குப் பயந்து எழுந்துகொள்வார். இதைப் பார்த்துத் துரைக்கு முகம் சிவக்கும்.

"ரக்பி ஜென்டில்மேன் கேம். நடிப்பு கிடையாது. அடிபட்டா சிரிச்சிட்டு எழணும். எவனாவது ஃபவுல் பண்ணா, டேனரி கேட்டுக்கு வெளியே!"

சொன்னால் செய்கிற மனிதர். அதனால் எல்லாருக்கும் பயம்.

2. முனுசாமியின் திங்கட்கிழமை

அதிகம் பயந்தவன் முனுசாமி. தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் டெம்பரரி ஆள். நல்ல தேக்குமரம் போல உடம்பு, வாயில் சொல் வராது. குடியாத்தம் பக்கம் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெண்ணின் அப்பா ஒரே நிபந்தனை போட்டிருந்தார்: மாப்பிள்ளை பர்மனென்ட் ஆக வேண்டும். மெட்ராஸ் கிளப் டீமோடு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மேட்சில் ஒழுங்காக ஆடினால் திங்கட்கிழமை ஆர்டர் என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

மெட்ராஸ் டீம் முழுக்க வெள்ளைக்காரர்கள். எங்கள் ஊரில் இறங்கியதும் கைக்குட்டையை மூக்கில் வைத்தவர்கள், மேட்ச் தொடங்கும்போதுதான் எடுத்தார்கள். டேனரிக்குப் பின்னால்தான் மைதானம். நல்ல வேளையாக அன்று நாற்றத்தை மறுபக்கம் தள்ளிக்கொண்டு பாலாற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது.

ரெஃப்ரீ எங்கள் துரையேதான். சொந்த டீமுக்குச் சலுகை காட்டினார் என்று பேர் வரக்கூடாதே என்று எங்கள் ஆட்களையே அதிகம் திட்டினார்.

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு பக்கமும் சமம். அவர்கள் கேப்டன் பந்தோடு பாய்ந்து வந்தார். முனுசாமி குறுக்கே போய் இடுப்பைக் கட்டிச் சாய்த்தான். சுத்தமான பிடி, நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் துரைக்கு நடுவில் நாலு முதுகு மறைத்தது. கேப்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டார். "உதைத்துவிட்டான், எலும்பு போச்சு" என்று இங்கிலீஷில் அலறினார்.

துரை விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "முனுசாமி! வெளியே போ! நாளைக்கு கேட்டுக்கே வராதே!"

"நான் ஒதைக்கல தொர... எங்கம்மா மேல சத்தியம்..." அவ்வளவுதான் பேசினான். அந்தப் பெரிய உடம்பு தோள் தொங்கி நின்றது.

சாதிக் பாய் மட்டும் கீழே கிடந்தவரை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா கம்பவுண்டரே, இந்தாளு நம்மள விட ஜாஸ்தியா நடிக்கிறானே!" என்றார்.

3. இரண்டு தொட்டிகள்

என் வாளி காலி. சாதிக் பாய் குளித்தே தீர்த்திருந்தார். பின்கேட் வழியாக டேனரிக்குள் ஓடினேன். உள்ளே இரண்டு தொட்டிகள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் பச்சைத் தோல் ஊறவைத்து எடுத்த பழைய தண்ணீர். பதற்றத்தில் ஏதோ ஒன்றில் வாளியை முக்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். என் மூக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எங்கள் ஆட்களைத் தாண்டிக்கொண்டு போனேன், அவர்களுக்கும் தெரியவில்லை.

கேப்டனுக்குத் தெரிந்தது. பத்தடி தூரத்திலேயே அலறலை நிறுத்தினார். ஐந்தடியில் ஒரு கண்ணைத் திறந்தார். நான் குனிந்து ஸ்பாஞ்சைப் பிழிந்தேன், அதோடு ஒரு கற்றை ஆட்டு முடியும் வந்தது. அந்த முழங்காலில் வைப்பதற்குள் மனிதர் துள்ளி எழுந்தார். எழுந்தவர் நிற்கவில்லை. எலும்பு போன காலோடு மைதானத்தின் அந்தக் கோடி வரை ஓடினார். ஆட்டம் முழுக்க அவர் அவ்வளவு வேகமாக ஓடவில்லை.

எங்கள் பக்கம் சிரித்த சிரிப்பு ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

துரை சிரிக்கவில்லை. ஓடுகிற காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முனுசாமியின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, "நடிப்புக்குப் பெனால்டி. நம்ம பக்கம்" என்றார்.

அந்தப் பெனால்டியை முனுசாமியே உதைத்தான். பந்து கோல் கம்பத்துக்கு ரொம்ப தூரம் தள்ளிப் போய்த் தோல் காயப்போட்ட இடத்தில் விழுந்தது. மேட்ச் டிரா. ஆனாலும் திங்கட்கிழமை ஆர்டர் வந்தது.

அன்று சாயங்காலம் துரை என்னைக் கூப்பிட்டு, "ரொம்ப புத்திசாலித்தனமான வேலை" என்றார். தற்செயல் சார் என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அந்த வாளியை எல்லா மேட்சுக்கும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர்களிடம் நன்றாகவே வேலை செய்தது. சாதிக் பாய் மட்டும் படுத்தபடியே அதில் முகம் கழுவிக்கொண்டு, "சுகமா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்பார்.

என் மூக்கு வேலையை விட்டு நின்றுபோனது எனக்கே அந்த மெட்ராஸ் மேட்ச் அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. டேனரி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதுதான் சொல்வேன்: எதையும் வெளியாள் ஒருவரை முகரச் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

முனுசாமியின் கல்யாணப் பந்தியில் ரசம் பரிமாற நானும் வாளியைத் தூக்கினேன். வாயே திறக்காத மாப்பிள்ளை மணையிலிருந்து எழுந்து நின்று குடியாத்தத்து மாமனாரைப் பார்த்துக் கத்தினான்:

"மாமா! அவரு வாளிய மொதல்ல நீங்க ஒரு தபா மோந்து பாருங்க!"