ரோலர் ஏறிய நிலம்

பிள்ளைகளே, சர்ஜாபூர் ரோட்டுக்கு அப்பால் நாம் கீரை போட்ட நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன்.

அது வீட்டுமனை போடுவதற்காகச் சமப்படுத்திய நிலம். ரோட் ரோலர் ஏற்றி, லாரிகளை ஓட்டி, பிறகு ஏதோ வழக்கில் வேலை நின்றுபோனது. நான் நைட் டூட்டி பார்க்கும் குடோனின் முதலாளிதான் அதற்கும் சொந்தக்காரர். “சும்மாதானே கெடக்குது, கீரை போட்டுக்கோ. தீபாவளிக்குள்ள பச்சை தெரியலைன்னா தண்ணி டேங்கர் நிறுத்த விட்டுடுவேன்” என்றார். உங்கள் அம்மாவுக்கு அபார்ட்மென்ட்டில் மாப் போட்டுப் போட்டு முழங்கால் போய்விட்டிருந்தது. கீரை வந்தால் அந்த வேலையை விடலாம். அதற்காகத்தான் இறங்கினோம்.

முதலில் ரோட்டவேட்டர் விட்டோம். மண்ணைச் சுழற்றி அடித்துப் பொடியாக்கும் இயந்திரம் அது. மேல்மண் மாவு மாதிரி ஆனது. விதைத்தோம், முளைத்தது, மழையும் பெய்தது. ஆனால் தண்ணீர் கீழே இறங்கவே இல்லை. கீரை மஞ்சளாகி அழுகியது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் அரைச் சாண் நேராக இறங்கி, அதற்குமேல் போக முடியாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அங்கே கடப்பாரையைப் போட்டேன். சிமென்ட் தரையில் போட்ட மாதிரி கை அதிர்ந்தது. ரோட்டவேட்டர் கத்தி எட்டாத ஆழத்தில், ரோலர் அழுத்திய மண் அப்படியே கிடந்தது.

அதை உடைக்க உளிக் கலப்பை வேண்டும். மண்ணைப் புரட்டாமல் ஆழத்தில் கீறி உடைக்கும். ஓசூர்ப் பக்கத்து டிராக்டர்காரர் ஒருவரிடம் அது இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வரவழைத்தோம். இரண்டு நாள் முன்னால் மழை பெய்திருந்தது. மேலே காய்ந்துதான் தெரிந்தது. அம்மா குழி தோண்டி அடிமண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள்.

“என்னக்கா, ராகிக் களி முத்தே உருட்டுறீங்க? சாம்பார் எங்க?” என்றார் டிராக்டர்காரர்.

“நீயே தின்னு பாரு.” உருண்டையை அவர் காலடியில் போட்டாள். அது உடையவில்லை, சப்பையாக ஒட்டிக்கொண்டது. “இந்த ஈரத்துல ஓட்டினா வெறும் கோடுதான் விழும், மண்ணு உடையாது. உன் டிராக்டர் பாரத்துல இன்னும்தான் இறுகும்.”

“நெசந்தான்கா. ஆனா இன்னிக்கு விட்டா நான் தீபாவளி கழிச்சுதான் வருவேன். அப்புறம் என்னை ஏசக்கூடாது.”

நான் டூட்டி முடித்து நேராக வந்திருந்தேன். நிற்கவே முடியவில்லை. “ஓட்டிட்டுப் போகட்டும் விடு. வந்த வரைக்கும் லாபம்” என்றேன்.

“முட்டி யாருதுங்க, உங்களுதா என்னுதா? திருப்பி அனுப்புங்க.”

அனுப்பிவிட்டோம். தீபாவளிக்கு முதலாளி வந்து வெறும் மண்ணைப் பார்த்தார். ரோட்டோரத்துப் பாதியை டேங்கர்களுக்குக் கொடுத்துவிட்டார். பின்பக்கத்துப் பாதியை மட்டும், “சங்கராந்தி வரைக்கும் பாரு” என்று விட்டுவைத்தார்.

அடிமண் காய்ந்த பிறகு டிராக்டர்காரர் சொன்னபடி வந்தார். கலப்பை போன வழியெல்லாம் மண் பாளம் பாளமாக வெடித்தது. மறுபடி விதைத்தோம். கீரை தலையெடுத்த சமயம் நல்ல மழை ஒன்று அடித்தது. விடிந்ததும் பயந்துகொண்டே போய்ப் பார்த்தோம். டேங்கர் நின்ற பக்கம் குட்டையாகக் கிடந்தது. நம் பக்கத்தில் தண்ணீர் இறங்கிப்போய் ஈரம் மட்டும்தான் இருந்தது.

சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அம்மா வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“அபார்ட்மென்ட் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, நீ வேலைய விட்டுட்டேன்னு சொல்லிடவா?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு லீவுன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். நான் போனை எடுப்பதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.