கம்பத்தில் சுற்றிய பட்டு

அறுபதுகளில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த தபால்காரர், தன் பூனைகள் இருக்கும் இடத்துக்குள்கூடச் செருமிவிட்டுத்தான் நுழைவார். ஒல்லியான மனிதர். கொல்லையில் பாழாய்க் கிடந்த சாயக் கொட்டகைக்குப் புது ஓலை வேய்ந்து, பலகைப் படிகள் அடித்து, மூன்று பூனைகளும் ஏறி விளையாடும்படி செய்திருந்தார். அவை நகம் கீற ஒரு கம்பம் நட்டு, தேங்காய்க் கயிற்றை எடுத்தார்.

"கயிறு எதுக்கு சார்? தறியில கழிச்ச பட்டு மூட்டையா கிடக்குது" என்றேன், காஞ்சிபுரத்துப் பெருமையில்.

"பட்டு வேணாம்பா. நகம் பழகிடும்."

நான் கேட்கவில்லை. என் கையாலேயே சுற்றினேன்.

ஒரு மாதத்தில், கல்யாணப் புடவைக்காகத் தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை ஒரு பூனை கீறிக் கிழித்தது. தெருவே கேட்கக் கத்தி, அவரைக் காலி செய்யச் சொன்னேன். "அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. பூனைக் கூடையோடு கிளம்பும்போது, "பாவு தேறுமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகுதான் கொட்டகைக்குப் போனேன். கம்பத்தில் தேங்காய்க் கயிறு இருந்தது.

"பாவு கிழிஞ்ச அன்னிக்கே மாத்திட்டாரு. நீங்க கத்திக்கினு இருந்தீங்க" என்றாள் மனைவி.

அதன் பிறகும் எங்கள் தெருவுக்கு அவர்தான் தபால். வாசலில் செருமுவார். நான் மனைவியை அனுப்பிக் கடிதத்தை வாங்கிக்கொள்வேன்.