இனி மொட்டை இல்லை

ஜோகுபாளையத்து அனாதை விடுதியில் முடிவெட்டுபவன் நான். அதிகம் பேசமாட்டேன். பேன் வருகிறதென்று மாதந்தோறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மொட்டை அடிக்கச் சொல்வார்கள், அடித்துவிட்டுப் போவேன்.

ஒருநாள் செல்வி என்ற சிறுமி என் கத்தியைக் கண்டதும் ஓடிப்போய் விடுதிக் கிணற்றின் உள்படியில் ஒளிந்தாள். கால் வழுக்கியது. நல்லவேளை, பின்னாலேயே ஓடிய நான் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஸ்கூல்ல 'அனாதை மொட்டை'ன்னு கூப்பிடறாங்க மாமா. நான் வரமாட்டேன்," என்று அழுதாள்.

"என்னப்பா பாக்கறே? பிடிச்சு உட்கார வை!" என்றார் அங்கே வந்த விடுதி மேனேஜர்.

"முடியாதுங்க. உங்க பொண்ணுக்கு மொட்டை அடிப்பீங்களா? பேனுக்குச் சீப்பு வாங்கிக் குடுங்க."

"வேற ஆள் கிடைக்க மாட்டானா?"

"பக்கத்துல அல்சூர்ல இருக்கற எல்லா சலூன்லயும் சொல்லி வெச்சுடறேன். யாரு வராங்கன்னு பாக்கலாம்."

சொன்னேன், யாரும் வரவில்லை. இப்போது எப்படி வெட்டட்டும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டபிறகே கத்தரியை எடுக்கிறேன். செல்வி ரிப்பன் கட்டுகிறாள். மேனேஜர் முறைக்கிறார். முறைக்கட்டும்.