எதிர்க்கட்சிக் கொடி கட்டிய பக்கத்து டெண்ட் பாய்

நாகூர் பாய் இன்று காலை மௌத்தாகிவிட்டார்... போய்ச் சேர்ந்துவிட்டார்.

தைப்பிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். நான் போடும் லூமுட் கடற்கரை கேம்பிங் போட்டோக்களைப் பார்த்தவர்களுக்கு ஆளைத் தெரியும்... கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தே தாரேக் டீயை நுரை பொங்க ஆற்றிக்கொண்டு நிற்பாரே, தலைக்கு மேலே எதிர்க்கட்சிக் கொடி பறக்க. அவர்தான்.

பதினைந்து வருடம். பள்ளி விடுமுறை வந்தால் ஈப்போவிலிருந்து நாங்கள், தைப்பிங்கிலிருந்து அவர்கள், அதே கடற்கரையில் பக்கத்துப் பக்கத்து டெண்ட்.

முதல் வருடம் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. பொதுத் தேர்தல் நெருங்கிய நேரம். நான் எங்கள் கிளையின் மகளிர் பிரிவுத் தலைவி, கொடி இல்லாமல் எங்கேயும் கிளம்ப மாட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் கொடியை மரத்தில் கட்டிவிட்டுக் கருவாடு சுடப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் பக்கத்து டெண்டில் எதிர்க்கட்சிக் கொடி. எங்களுடையதைவிட ஒரு முழம் பெரிது வேறு.

கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் நேராக என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்து, கையில் இருந்த கரண்டியை நான் கீழே வைக்கவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க கொடி தலைகீழா இருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன்... ஆமாம்.

"எங்க ஆளுங்க பாத்தா போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பிருவானுங்க. அதான் சத்தமில்லாம சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் லா."

அவரே முக்காலி எடுத்து வந்து ஏறி, அவிழ்த்து, சரியாகக் கட்டினார். இறங்கி நின்று ஒரு பார்வை பார்த்தார்.

"இப்ப அழகா இருக்கு. ஓட்டுதான் விழாது."

"நேரா கட்டின உங்களுக்கு மட்டும் கொட்டுதாக்கும்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மதியம் அவர் மனைவி ரஹீமா கோழிக்கறி கொடுத்தனுப்பினாள்.

சோற்றில் கை வைத்துவிட்டால் கட்சி பேசக் கூடாது. அது பாய் போட்ட சட்டம். மீதி நேரமெல்லாம் சண்டைதான்.

"அக்கா, உங்க தலைவரு பேசுன வீடியோ பாத்தேன். நல்லா தூக்கம் வந்துச்சு."

"உங்க தலைவரு பேசுனா என் பேரன் எந்திரிச்சு அழுவுறான் பாய்."

வெள்ளிக்கிழமை நான் கவிச்சி தொட மாட்டேன் என்று தெரிந்த பிறகு, எனக்கென்று தனிச் சட்டியே தைப்பிங்கிலிருந்து எடுத்து வருவார். அதில் பருப்பைத் தவிர வேறெதுவும் வெந்ததில்லை.

ஒரே ஒரு வருடம் எல்லாம் முறிந்துபோக இருந்தது...

அவர்கள் கட்சி ஜெயித்த வருடம். கடலில் குளித்துவிட்டு வந்தால் மரத்தில் எங்கள் கொடி இல்லை. பாயின் மச்சான் அதை அவிழ்த்து மணலில் போட்டுவிட்டு, "தோத்த கட்சிக்கு எதுக்குக் கொடி?" என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

டெண்ட் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். இனி இந்தக் கடற்கரையும் வேண்டாம், இவர்கள் உறவும் வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

நாலாவது ஆணியில் கை வைத்தபோது பாய் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். மணலில் கிடந்த கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மச்சானைத் திட்டவில்லை. மீன் பையை வைத்துவிட்டுத் தன் கட்சிக் கொடியை அவிழ்த்தார். மடித்துக் கூடைக்குள் போட்டார்.

"அக்கா கொடி மேல போற வரைக்கும் நம்ம கொடி உள்ளதான் இருக்கும்."

"என்ன மச்சான், ஜெயிச்சது நாம லா."

"ஜெயிச்சது தேர்தல்ல. இங்க அவங்க நமக்குப் பக்கத்து வீடு. ஏறு மரத்துல."

மச்சான் நல்ல கனத்த உடம்பு. கைலியோடு ஏறினான், கொடியையும் கட்டினான்... இறங்கத்தான் தெரியவில்லை. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னிடமே கேட்டான்: "அக்கா, ஏணி இருக்கா?"

எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும், சொல்லுங்கள். பிடுங்கிய ஆணிகளை நானே திரும்ப அடித்தேன்.

இன்று செய்தி வந்தபோது கிளை ஆட்களோடு கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே மகன் காரில் ஏறிவிட்டேன்.

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. பாய் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் மகன் மெதுவாகச் சொன்னான், "அம்மா, என்ன சட்டை போட்டிருக்கீங்க பாருங்க."

கட்சி டி-ஷர்ட். நெஞ்சில் சின்னம், முதுகில் எங்கள் தலைவர் முகம்.

வீடு முழுக்க அவர்கள் கட்சி ஆட்கள். ஹேண்ட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் நின்றேன். உள்ளே போவதா, திரும்பிவிடுவதா... மரியாதை தெரியாதவள் என்று யாராவது நினைத்துவிட்டால்?

ரஹீமா கதவருகில் இருந்து பார்த்துவிட்டாள். "ஏன்க்கா நனையிறீங்க, உள்ள வாங்க."

போனேன். பேக்கை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"மறைக்காதீங்க. அவருக்குத் தெரியாத சட்டையா?"

அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். நடுவில் கொஞ்சம் சிரித்தோம். பாய் முகத்தை அந்தச் சட்டையோடேதான் பார்த்தேன்.

நிம்மதியாகப் போங்கள் பாய். என் பிரார்த்தனை முழுக்க உங்களுக்குத்தான்.

ஓட்டு மட்டும் எப்போதும்போல எங்கள் கட்சிக்கு.